செர்ரி இறால் தொட்டிக்கு இரட்டைப் பஞ்சு ஃபில்டர்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் செர்ரி இறால் போன்ற சிறு நன்னீர் இறால்களை அழகுக்காக வளர்ப்பவர்களிடம் எந்த ஃபில்டரை வாங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதாவது பஞ்சு ஃபில்டர், என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலைப் பலமுறை கேட்ட பிறகும் நான் வாங்காமல் தட்டிக்கழித்ததற்கு அதன் தோற்றமே காரணம். கறுப்புப் பஞ்சு உருளைகள் இரண்டு, அவற்றின் நடுவே நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் குழாய், அதன் உச்சியில் ஓயாமல் கொப்பளிக்கும் குமிழிகள். பாசியும் கட்டையுமாகப் பார்த்துப் பார்த்து அடுக்கிய 40 லிட்டர் தொட்டியில் இதை எங்கே ஒளித்து வைப்பது என்ற யோசனையிலேயே ஓராண்டு கழிந்தது. இப்போது அதே தொட்டியின் மூலையில் அது 14 மாதங்களாக நிற்கிறது. நான் வாங்கியது பெட்டியில் தயாரிப்பாளர் பெயர்கூட அச்சிடப்படாத, ஏர் பம்பில் இயங்கும் சாதாரண வகை. இதே அமைப்பு பல பெயர்களில் விற்கப்படுவதால், இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

இதற்கு முன் தொட்டியின் விளிம்பில் மாட்டும் மோட்டார் ஃபில்டர் ஒன்றை வைத்திருந்தேன். மீன் வளர்த்தவரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. இறால்களை விட்ட மூன்றாம் மாதம் நான்கு பெண் இறால்கள் முட்டை சுமந்தன, நான்கின் முட்டைகளும் பொரிந்தன. ஆனால் அதற்கு இரண்டு மாதம் கழித்துத் தொட்டியில் என்னால் எண்ண முடிந்த குஞ்சுகள் ஒன்பதே ஒன்பது. நன்கு வளர்ந்த செர்ரி இறால் ஒரு முறைக்கு 20 முதல் 30 முட்டைகள் வரை சுமக்கும் என்பதால், மற்றவை எங்கே போயின என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஃபில்டரைக் கழுவத் திறந்த நாளில் விடை கிடைத்தது. பெட்டியின் அடியில் தேங்கியிருந்த பழுப்புச் சேற்றில் பதினொரு குஞ்சுகள் உயிருடன் மேய்ந்துகொண்டிருந்தன. மோட்டாரின் விசிறியைக் கடந்து வந்தும் தப்பிப் பிழைத்தவை அவை. தப்பாதவற்றின் தடயமே இல்லை. உறிஞ்சு குழாயின் வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டிப் பார்த்தேன். நான்கு நாளில் துணி அடைத்துக்கொண்டு மோட்டார் முனக ஆரம்பித்தது. தோற்றத்தைப் பற்றிய கவலையை அன்றோடு விட்டுவிட்டேன்.

பெட்டிக்குள் பஞ்சுகள் இரண்டும், அவற்றைச் செருகும் துளையிட்ட கூடுகளும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்த் துண்டுகளும், கண்ணாடியில் ஒட்டவைக்கும் சக்கர்கள் இரண்டும் வருகின்றன. ஏர் பம்பையும் ஏர் டியூபையும் தனியாக வாங்க வேண்டும். எதை எதில் செருகுவது என்று விளக்கும் தாள் இல்லை, தேவையும் இல்லை. ஐந்து நிமிடத்தில் பொருத்திவிடலாம். புதுப் பஞ்சுக்குள் காற்று நிறைந்திருப்பதால் முதல் நாள் அது மிதக்கும். தண்ணீருக்குள் அமிழ்த்திப் பத்துப் பதினைந்து முறை பிழிந்தெடுத்தால்தான் கீழே இறங்கி நிற்கும். பஞ்சின் தரத்தையும் குழாயின் தரத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். சக்கர்கள் மட்டும் படுமோசம். நான்காம் மாதத்திலேயே இறுகிப் பிடியை விட்டதில், ஒரு நாள் காலையில் ஃபில்டர் பாசித் திட்டின்மேல் சாய்ந்து கிடந்தது. பிறகு பஞ்சின் அடிக்கூட்டை ஒரு தட்டையான கருங்கல் துண்டோடு நைலான் நூலால் கட்டி நிறுத்தினேன். அது இன்றுவரை அசையவில்லை. எடைக்காக உலோகத் துண்டு எதையும் கட்ட வேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செம்பு இறால்களுக்கு நஞ்சு, பித்தளையிலும் செம்பு உண்டு. காற்றைப் பிரித்து அனுப்பும் சிறு வால்வுகள் பல பித்தளையில் வருவதால், அவற்றையும் தண்ணீருக்கு வெளியேதான் வைக்க வேண்டும்.

இந்த ஃபில்டரில் சுழலும் பாகமே கிடையாது. ஏர் டியூப் வழியாக வரும் காற்று, நடுக்குழாயின் அடியில் புகுந்து குமிழிகளாக மேலேறுகிறது. குமிழி கலந்த நீர் சுற்றியுள்ள நீரைவிட இலேசானது என்பதால் குழாய்க்குள் உயர்ந்து வெளியேற, அந்த இடத்தை நிரப்பப் பஞ்சின் நுண்துளைகள் வழியாகத் தொட்டி நீர் உள்ளே வருகிறது. மோட்டார் ஃபில்டரில் ஒரே குழாயின் வாயில் குவியும் இழுப்பு, இங்கே பஞ்சின் மேற்பரப்பு முழுவதும் பரவிவிடுவதால், எந்த ஒரு புள்ளியிலும் இழுவை இருப்பதே தெரியாது. பிறந்த அன்றே ஒரு குஞ்சு பஞ்சின்மேல் வந்து உட்கார்ந்தாலும், அது தன் விருப்பப்படி எழுந்து போகலாம்.

ஆனால் துளையின் அளவு சரியாக இருக்க வேண்டும். வாங்குபவர் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். பஞ்சின் துளைகளை ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவது வழக்கம். என் பெட்டியில் அந்த விவரம் அச்சிடப்படவில்லை. அளவுகோலைப் பஞ்சின்மேல் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ணியதில் ஏறத்தாழ 30 வந்தது, அதாவது ஒரு துளை ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. செர்ரி இறால் குஞ்சு பொரிந்தவுடன் சுமார் 2 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். உடல் மெல்லியதாயினும் இந்தத் துளைக்குள் அது நுழைந்து நான் பார்த்ததில்லை. மாற்றுப் பஞ்சு என்று பின்னர் வேறோர் இடத்தில் வாங்கியது பார்வைக்கு இதேபோல் இருந்தாலும், எண்ணிப் பார்த்தபோது அங்குலத்துக்கு 20 துளைகளே இருந்தன. அதைப் பொருத்திய மாதம் கழுவும்போது உள்கூட்டுக்குள் நான்கைந்து குஞ்சுகள் உலவிக்கொண்டிருந்தன. அவை சாகவில்லை, நன்றாகத் தின்று கொழுத்தே இருந்தன. ஆனால் பஞ்சைப் பிழியும் கைக்கு அது தெரியாதல்லவா? எனவே பழைய பஞ்சையே திரும்பப் போட்டேன்.

வாங்கும்போது நான் எதிர்பார்த்தது குஞ்சுகள் சாகாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே. பஞ்சு தீனித்தட்டாகவும் மாறும் என்று எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் முதல் பஞ்சின்மேல் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பு ஒன்று படர்ந்தது. விரலால் தொட்டால் உணரலாம். பாக்டீரியா, நுண்பாசி, ஒற்றைச்செல் உயிர்கள், அவற்றில் சிக்கிய துகள்கள் எல்லாம் சேர்ந்த இந்தப் படலத்தை வளர்ப்பவர்கள் பயோஃபிலிம் என்பார்கள். தொட்டியின் கண்ணாடியிலும் கட்டையிலும் இலையிலும் அது உண்டு. பஞ்சிலோ, ஓயாமல் நீர் இழுக்கப்படுவதால், தொட்டியில் மிதக்கும் நுண்துகள்கள் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. மேய்ந்த இடம் மறுநாளே மீண்டும் விளைந்துவிடுகிறது.

இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் இது புரியும். வளர்ந்த பெண் இறால் ஒன்று பஞ்சின் செங்குத்துப் பரப்பில் தலைகீழாக நின்றுகொண்டு, முன்பக்கத்து இரண்டு ஜோடிக் குட்டிக் கால்களையும் மாற்றி மாற்றி நீட்டிச் சுரண்டி வாய்க்குக் கொண்டுபோகிறது. அந்தக் கால்களின் நுனியில் தூரிகைபோல் மயிர்கள் உண்டு, அவைதான் படலத்தை வழித்தெடுக்கின்றன. அதன் பக்கத்திலேயே, கண் இரண்டும் கரும்புள்ளியாக மட்டும் தெரியும் குஞ்சுகள் ஏழெட்டு, அதே வேலையை அதே வேகத்தில் செய்கின்றன. பெரியது நகரும்போது சிறியவை ஒதுங்குவதில்லை. அது அவற்றைத் தாண்டிப் போகிறது. ஒரு முறை உரித்துப்போட்ட முழுச் சட்டை ஒன்று, மீசை உட்பட, பஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் எடுக்கவில்லை. சட்டையில் உள்ள கால்சியத்துக்காக இறால்கள் அதையும் தின்னும். இரண்டு நாளில் தலைப்பகுதி மட்டும் மிஞ்சியது.

குஞ்சுகளுக்கு இந்தப் படலம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை, செர்ரி இறாலின் இனப்பெருக்கத்தை அறிந்தவர்கள் உடனே உணர்வார்கள். நியோகாரிடினா டேவிடி என்னும் இந்த இனத்துக்கு நீரில் மிதந்து திரியும் இளம்புழுப் பருவம் இல்லை. பெண்ணின் தலைக்குப் பின்னால் சேணம்போல் மஞ்சளாகத் தெரியும் சினைப்பையிலிருந்து முட்டைகள் இறங்கி, வயிற்றடி நீந்துகால்களில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை ஓயாமல் விசிறியபடி மூன்று முதல் நான்கு வாரம் சுமந்தபின், பெரியவற்றின் அச்சான குஞ்சுகளாகவே அவை வெளியேறுகின்றன. அந்தக் குஞ்சு முதல் நாளிலிருந்தே தானாகத் தின்ன வேண்டும்; ஆனால் தீனி தேடித் தொலைதூரம் போகாது, பிடித்துக்கொண்ட இடத்தைச் சுற்றியே மேயும். பெரியவற்றுக்குப் போடும் உருண்டைத் தீனி தொட்டியின் மறுகோடியில் விழுந்தால் அதனால் குஞ்சுக்குப் பயனில்லை. தொட்டியில் குஞ்சு மேயும் பரப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு குஞ்சு பிழைக்கும். இந்த ஃபில்டரை வைத்தபின் முட்டை பொரித்த முதல் மூன்று பெண் இறால்களின் குஞ்சுகளை ஆறாம் வாரத்தில் எண்ணத் தொடங்கி, 50ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஜாவா பாசியை அதிகமாக்கியதும் வாதுமைச் சருகு போட்டதும் இதற்கு உதவியிருக்கலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் பெரும்பங்கு ஃபில்டருக்கே என்பது என் கணிப்பு.

பராமரிப்பு எளிது, ஆனால் அந்த எளிமை ஏமாற்றக்கூடியது, நான் ஏமாந்தேன். இரண்டாம் மாத முடிவில் குமிழிகள் மந்தமானதைப் பார்த்து, இரண்டு பஞ்சுகளையும் ஒரே நாளில் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவி மாட்டினேன். இறாலின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன என்பதும், குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அன்றைக்குச் சோம்பல். மூன்றாம் நாள் காலையில் இறால்கள் கூட்டமாக நீர்மட்டத்துக்கு அருகே பாசி நுனிகளில் ஒட்டிக்கொண்டிருந்தன; சோதனைக் குழாயில் நைட்ரைட் வண்ணம் ஏறியிருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீரை மாற்றியும் ஏழு இறால்கள் போயின. இதில் ஃபில்டரின் குற்றம் ஒன்றுமில்லை. உண்மையில் இரண்டு பஞ்சு உள்ள வகையை வாங்குவதன் பயனே, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் கழுவி மற்றதைத் தொடாமல் விடலாம் என்பதுதான்.

இப்போது நான்கைந்து வாரத்துக்கு ஒரு முறை, ஒன்றை விட்டு ஒன்றாகக் கழுவுகிறேன். பஞ்சை அப்படியே மேலே இழுத்தால், பிடித்து வைத்த சேறு முழுவதும் தொட்டிக்குள் புகைபோல் பரவிவிடும். அதனால் ஒரு பிளாஸ்டிக் பையைத் தண்ணீருக்குள்ளேயே பஞ்சின் அடிவரை மெதுவாகப் போர்த்தி, பையோடு வெளியே எடுக்க வேண்டும். போர்த்துவதற்கு முன் பஞ்சை இலேசாகத் தட்டினால் பெரிய இறால்கள் துள்ளி விலகிவிடும், குஞ்சுகள் விலகாது. எனவே தொட்டியிலிருந்து எடுத்த நீரை வெள்ளை வாளியில் ஊற்றி, முதலில் பஞ்சைப் பிழியாமல் அதில் அலச வேண்டும். சேறு சற்று அடங்கியதும் வெள்ளை அடிப்பரப்பில் நகரும் புள்ளிகளைச் சொட்டுக் குழாயால் உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, அதன்பிறகுதான் பிழிய வேண்டும். மூன்று நான்கு முறை பிழிந்தால் போதும். பஞ்சு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையே கூடாது.

ஓசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை முழுமையாகாது. வாங்கிய நிலையில் இந்த ஃபில்டர் பெரிய பெரிய குமிழிகளாகக் கக்கும். ஒவ்வொன்றும் மேலே வந்து உடையும்போது எழும் களக் களக் ஓசை, படுக்கையறையில் தொட்டி வைத்திருப்பவரைத் தூங்க விடாது. நடுக்குழாய்க்குள், காற்று நுழையும் முனையில், காற்றைப் பொடிக் குமிழிகளாகப் பிரிக்கும் நுண்துளைக் கல்லான சிறிய ஏர் ஸ்டோன் ஒன்றைச் செருகியதும் குமிழிகள் பொடியாகி ஓசை பாதிக்கும் கீழே இறங்கியது, நீரோட்டமும் சீரானது. இந்தச் சின்னக் கல்லைத் தயாரிப்பாளரே பெட்டிக்குள் வைத்திருக்கலாம். உடையும் குமிழிகள் தெறிப்பதால் மூடியின் உட்புறம் வாரத்துக்குள் வெள்ளை உப்புப் பூத்துவிடுகிறது; துடைத்தால் போய்விடும். தொட்டி நீர் ஆவியாவதும் சற்றுக் கூடுகிறது. ஆவியாவது நீர் மட்டுமே, அதில் கரைந்த உப்புகள் தொட்டியிலேயே தங்கும் என்பதால், குறைந்த அளவை நிரப்ப உப்பில்லாத ஆர்ஓ நீரைத்தான் ஊற்றுகிறேன். இல்லாவிட்டால் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதும் யோசிக்க வேண்டியது. ஏர் பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், பம்ப் நின்றதும் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி இறங்கி, பம்பையும் மேசையையும் நனைக்கும். இதைத் தடுக்க ஒருவழி வால்வு ஒன்றை டியூபில் பொருத்த வேண்டும், அல்லது பம்பைத் தொட்டியைவிட உயரமாக வைக்க வேண்டும். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். நல்ல பக்கம் என்னவென்றால், பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்பை மாட்டினாலும் இந்த ஃபில்டர் அப்படியே இயங்கும்; மோட்டார் ஃபில்டரில் இந்த வசதி இல்லை. பஞ்சிலுள்ள பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும் என்பதால், நீரோட்டம் பல மணி நேரம் நிற்பது இறால்களுக்கும் அவற்றுக்கும் ஒருசேரக் கேடு.

இதனால் முடியாதவையும் உண்டு. தரையில் படியும் கழிவை இது இழுக்காது. அதை நான் மெல்லிய டியூபால்தான் உறிஞ்சி எடுக்கிறேன். கட்டையிலிருந்து இறங்கும் தேநீர் நிறம் அப்படியே இருக்கும், ஏனெனில் கரி போட இதில் இடமில்லை. தாவரங்களுக்காகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் தொட்டிக்கு இதைச் சொல்ல மாட்டேன். குமிழிகள் நீர்ப்பரப்பைக் கலக்கி அந்த வாயுவை வெளியேற்றிவிடும். கிரிஸ்டல் ரெட் போன்ற காரிடினா இறால் வகைகளுக்கு, பிஎச் அளவை 6 முதல் 6.5 வரை பிடித்து வைக்கும் ஆக்டிவ் மண்ணோடு இதையே தயங்காமல் வைக்கலாம். பஞ்சு நீரின் கடினத்தையோ அமிலத்தன்மையையோ மாற்றுவதில்லை.

அமானோ இறாலை இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பாராட்டு பொருந்தாது. 1980களில் ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ பாசி தின்பதற்காகப் புகழ்பெறச் செய்த காரிடினா மல்டிடென்டாட்டா அது. நன்னீரில் முட்டை சுமக்கும், ஆனால் அதன் இளம்புழுக்கள் உப்பு நீரில் மிதந்துதான் வளரும். மிதக்கும் புழுவுக்கும் பஞ்சுக்கும் ஒத்துவராது. அவற்றுக்கு ஃபில்டரே இல்லாத பாத்திரமும் மெல்லிய காற்றோட்டமுமே ஏற்றவை.

கடந்த மாதம் செர்ரி இறாலின் இனத்தையே சேர்ந்த நீல இறால்களுக்கென்று 25 லிட்டர் தொட்டி ஒன்றைத் தொடங்கினேன். சிவப்புச் செர்ரியையும் நீலத்தையும் ஒன்றாக விட்டால் சில தலைமுறைகளில் காட்டு இனத்தின் மங்கிய பழுப்புக்கே திரும்பிவிடும் என்பதால் தனித் தொட்டி அவசியமாயிற்று. புதுத் தொட்டி இறால் விடும் நிலைக்கு வர வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இந்த முறை, புதிதாக வாங்கிய இன்னோர் இரட்டைப் பஞ்சு ஃபில்டரிலிருந்து ஒரு பஞ்சைப் பழைய தொட்டியிலும், பழைய பஞ்சு ஒன்றைப் புதுத் தொட்டியிலுமாக மாற்றிப் போட்டேன். பத்தாம் நாள் சோதனையில் அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. ஆனாலும் படலம் படரட்டும் என்று இன்னும் இரண்டு வாரம் பொறுத்துவிட்டுத்தான் இறால்களை விட்டேன். புது ஃபில்டரோடு வந்த சக்கர்களைப் பொருத்தவே இல்லை. கருங்கல் துண்டை முதல் நாளே கட்டிவிட்டேன்.